ஆடிக்குப் போன தடம்

ஆடி முதல் தேதி காலையில், தேங்காய் சுடுவதற்கு அழிஞ்சில் குச்சி வெட்டிக்கொண்டு வரலாம் என்று தேன்கரட்டுக் குன்றுக்கு ஏறிப்போன மயிலாத்தா, தான் எட்டு மாசம் மண்வெட்டி பிடித்துப் போட்ட சைக்கிள் தடம் அங்கே இல்லை என்பதைப் பார்த்தாள். மழை அடித்துக்கொண்டு போயிருந்தால் சேறாவது கிடக்கும், யானை மிதித்திருந்தால் லத்தியாவது கிடக்கும், அப்படி ஒன்றும் இல்லை. உச்சிப் பாறையில் தொடங்கி, காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, புங்கவலசு ஊர்க்கிணற்றடியில் வந்து முடிகிற நாலு கிலோமீட்டர் தடம், சுருட்டி எடுத்துக்கொண்டு போன பாய் மாதிரி மொத்தமாகப் போயிருந்தது. அது கிடந்த இடத்திலெல்லாம் உண்ணிச்செடியும் காரைமுள்ளும், எங்களை ஒருத்தரும் என்றைக்கும் வெட்டினதில்லை என்கிற முகத்தோடு பூத்து நின்றன. ஓடைக்கு மேலே போட்ட மரப்பாலம் மட்டும் இந்தப் புதரிலிருந்து அந்தப் புதருக்குப் போய் நின்றது. 'வளைவு, மெதுவாக வரவும்' என்று எழுதின பலகை ஒரு காரைமுள்ளைப் பார்த்து நின்றது.

மயிலாத்தா ஒரு கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து குச்சி வெட்டினாள். பண்டிகை நாள், நோம்பி என்று ஒன்று இருக்கிறதே.

ஊருக்குள் எல்லா வாசலிலும் தேங்காய் புகைந்துகொண்டிருந்தது. கண்ணைத் துளைத்து, நீரைப் பாதி வடித்து, வெல்லமும் அவலும் பாசிப்பருப்பும் எள்ளும் திணித்து, குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அவள் சங்கதியைச் சொல்லிக்கொண்டே போனாள். யாரும் தேங்காயைக் கீழே போடவில்லை. டீக்கடை பழனாத்தா மட்டும் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆடி பொறந்திருச்சில்ல, பொறந்த ஊட்டுக்குப் போயிருக்கும்" என்றாள். அதைக் கேட்டதும் ஊரே, அட ஆமா, இது நமக்குத் தோணாமப் போச்சே என்று தலையை ஆட்டியது.

தோணாமல் போனதற்குக் காரணம், கல்யாணம் நடந்ததே அதுவரைக்கும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. தை மாசம் தடத்தைத் திறந்த அன்றைக்கு எல்லாம் வாங்கியிருந்தார்கள், ரிப்பன் வாங்க மறந்துவிட்டார்கள். பத்து சைக்கிளும் வரிசையில் நிற்கிறது, நல்ல நேரம் போகிறது, என்ன செய்வது என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது, பூஜைத் தட்டில் கிடந்த மஞ்சள் கயிற்றை மயிலாத்தா எடுத்து, தடத்து வாயில் நின்ற இரண்டு வெப்பாலை மரத்துக்கும் குறுக்கே கட்டிவிட்டாள். கைப்பழக்கம், மூன்று முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோலை நீட்டினபோது, மஞ்சள் கயிறைப் போய் அறுப்பாங்களா என்று பெண்டுகள் எல்லாம் ஒரே குரலாகச் சத்தம் போட, கடைசியில் பத்து பேரும் தலையைக் குனிந்து கயிற்றுக்கு அடியில் புகுந்துதான் முதல் ஓட்டம் ஓட்டினார்கள். மூன்று முடிச்சும் போட்டு, அறுக்கவும் விடாமல், ஊர்கூடி நின்று பார்த்தும் இருக்கிறபோது, கல்யாணம் இல்லை என்று யார் சொல்வது? அப்படியென்றால் இது தலை ஆடி. தலை ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகாமல் இருப்பார்களா?

பிறந்த வீடு எது என்பதிலும் குழப்பம் இல்லை. கரட்டுக்கு அந்தப் பக்கம் சாலக்கோம்பை. அங்கேயிருந்து பழைய பொதிமாட்டுத் தடம் ஒன்று ஏறிவந்து உச்சிப் பாறையில் அறுந்துபோய் நிற்கும். மயிலாத்தா முதல் கொத்துக் கொத்தினது அந்த அறுந்த நுனியில்தான். மூன்றாம் நாள் பால் வேன்காரர் வந்து, தடம் சாலக்கோம்பையில் தாயை ஒட்டினாற்போல் படுத்துக்கிடக்கிறது, வந்த முதல் நாள் ரொம்ப வாடித் தெரிந்தது, இப்போது பரவாயில்லை, வளைவெல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் அதன்பிறகு தன் பாட்டைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து தலைக்கவசமும் முழங்கால் பட்டையுமாக வந்து இறங்கினவர்களிடம், தடம் ஆடிக்குப் போயிருக்குதுங்க, ஆவணியில வாங்க என்று பழனாத்தா சொன்னாள். அவர்களும் அப்படீங்களா என்று டீயைக் குடித்துவிட்டு, ஆளுக்கொரு சுட்ட தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதில் போன வைகாசியில் கல்யாணம் ஆன ஒருத்தர் மட்டும், நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்று இரண்டாவது டீ சொன்னார். சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள்கள் எல்லாம் மாமனார் வீட்டிலிருந்து அழைப்பு வராத மாப்பிள்ளைகள் மாதிரி கைப்பிடியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. தையல்காரர் துரைக்கண்ணு, நாற்பது வயதில் ஊரிலேயே வேகமாகத் தடம் இறங்குகிற ஆள், பொழுது போகாமல் ஊர்க்கிணற்றையே நூறு சுற்றுச் சுற்றினார்.

மயிலாத்தாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. சைக்கிள் ஓட்ட ஆறு மாசத்துக்குத்தான் வனத்துறை அனுமதி கொடுத்திருந்தது. ஆடிப் பதினெட்டு அன்றைக்கு ரேஞ்சர் தேவநேசன் வந்து பார்ப்பார். பத்து சைக்கிள் ஓடிக் காட்டவேண்டும், மண் அறுத்துக்கொண்டு போகாமல் நிற்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் இன்னும் ஐந்து வருசம். இல்லையென்றால் தடத்தின் மேல் மரக்கன்று நட்டு மூடிவிடுவார்கள். முப்பது வருசம் அவள் கூலிக்குத் தடுப்பணைக்கு மண் சுமந்தவள். தண்ணீர் எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்று மண்ணைப் பார்த்தே சொல்லுவாள். அந்த அறிவையெல்லாம் கொட்டி, எந்த இடத்தில் சாய்வு, எந்த இடத்தில் வடிகால், எந்த வளைவில் எவ்வளவு உயரத்துக்குக் கரை அணைப்பது என்று அவள் போட்ட தடம் அது. போட்டு முடித்த பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் சைக்கிள் பழகி, தினம் விடிந்ததும் மேலே தள்ளிக்கொண்டு போய் ஒரு தடவை இறங்கி வருவாள். வேறு எதற்காகவும் இல்லை. சும்மா, இறங்குவதற்காக. சும்மா ஒரு காரியம் அவள் அதற்கு முன்னால் செய்ததே இல்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஆடி முடியாமல் பெண்ணைக் கூப்பிடக் கூடாது என்றார்கள் பாதிப் பேர். ரேஞ்சரிடம் ஆவணிக்கு வரச் சொல்லலாம் என்றார்கள் சிலர். அரசாங்கத்துக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான் என்றார் துரைக்கண்ணு. கடைசியில் பழனாத்தாதான் வழி சொன்னாள். பதினெட்டு நோம்பிக்குத் தாலிக்கயிறு மாற்றுகிற முறை இருக்கிறது, மாப்பிள்ளையை அழைத்து விருந்து போடுகிற முறையும் இருக்கிறது, விருந்துக்குப் போன மாப்பிள்ளை புதுக் கயிறு கட்டி, கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தால் யார் என்ன கேட்பார்கள்? எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை யார் என்று ஒருத்தர் கேட்டார். முடிச்சுப் போட்டது யார் என்று இன்னொருத்தர் கேட்டார். எல்லாத் தலையும் மயிலாத்தா பக்கம் திரும்பிற்று.

அவள் புருசன் செல்லப்பன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். "இவ மாப்பளைன்னா, அந்தத் தடத்துக்கு நான் என்ன மொறைங்க வேணும்?" என்று கேட்டார். கூட்டம் அரைமணி நேரம் விரலை மடக்கிப் பார்த்தது, முறை பிடிபடவில்லை. அப்ப ஒறம்பரையா, சும்மா விருந்தாளியா வந்து சோறு உண்ணுட்டுப் போ என்று முடிவானது.

பதினேழாம் தேதி கிளம்பினார்கள். ஒன்பது தட்டுச் சீர். மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, தேங்காய், வெல்லம், இனிப்பு ஒப்பட்டு, சலித்த செம்மண் ஒரு கூடை, வளைவுக்கு முட்டுக்கொடுக்க மூங்கில் குச்சி ஒரு கட்டு, புதுப் பிடி போட்ட மண்வெட்டி, துரைக்கண்ணு தைத்த சிவப்புக் கொடி பத்து, இவை போக மயிலாத்தாவுக்கு ஒரு பட்டுக்கரைத் துண்டு. மாப்பிள்ளைக்குத் துண்டு இல்லாமல் ஆகாது என்று போர்த்திவிட்டார்கள். அவளும் சேலைக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முன்னாலே போனாள். சாலக்கோம்பைப் பெண்டுகள் ஆரத்தியோடு நின்றார்கள். மாப்பளைக்கு மீசை எங்கீங்க என்று ஒருத்தி கேட்டாள். பொண்ணுக்கு முந்தானை எங்கேன்னு நாங்க கேட்டமா என்றாள் பழனாத்தா. அதோடு இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டது.

தடம் அங்கேதான் கிடந்தது. பழைய பொதிமாட்டுத் தடம், பெரிய கருங்கல் பாவினது, பாசி பிடித்து அகலமாகக் கிடக்க, அதன் இடுப்போரமாகச் சின்னத் தடம் சிவப்பாகச் சுருண்டு படுத்திருந்தது. மயிலாத்தாவின் கண் நேராக மூன்றாம் வளைவுக்குப் போனது. அங்கேயிருந்து ஓடை இறக்கம் வரைக்கும் ஒரு கோடு, விரல்நீள ஆழத்தில் சைக்கிள் சக்கரம் கிழித்த பள்ளம், மேலே யாரோ இலைதழை வைத்து மூடியிருந்தார்கள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

ஆனி இருபதாம் தேதி, முந்தின நாள் முழுக்கப் பெய்து விடிகாலையில்தான் மழை விட்டிருந்தது. ஈரத்தடத்தில் சக்கரம் வைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம், அவளே பலகையில் எழுதித் தொங்கவிட்டது. ஈர மண்ணில் ஒரு சக்கரம் இறங்கினால் அது வாய்க்கால், அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்த வாய்க்காலைத்தான் பிடிக்கும், அப்புறம் தடம் ஆறாகிவிடும். எல்லாம் தெரிந்தவள், அன்றைக்குக் காலையில் புது மண் வாசனையைப் பிடித்துக்கொண்டு, யாரும் எழுந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, தானே இறங்கிவிட்டாள். பின்னால் பள்ளம் வெளியே தெரிந்ததும், டீக்கடை முன்னால் வைத்துத் துரைக்கண்ணுவைப் பிடித்து, வேகம் வேகம்னு இப்படிக் கிழிச்சு வச்சிருக்கறயே, உனக்கெல்லாம் மண்ணு மேல இரக்கம் இருக்குதா என்று விளாசிவிட்டாள். துரைக்கண்ணுவும், தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்லிப் பார்த்து, யாரும் கேட்காததால் விட்டுவிட்டார்.

விருந்து முடிந்தது. சாலக்கோம்பை சார்பில் பெண்ணுக்குத் தாய் முறையில் உட்கார்ந்தவள் வெள்ளியம்மா. ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே பொதிமாட்டுத் தடத்தில் விழுகிற கல்லையெல்லாம் முப்பது வருசமாகப் பொறுக்கி ஓரத்தில் போடுகிறவள். அவள் வெற்றிலையை மடித்து வைத்துவிட்டு, அனுப்பறதுல எங்களுக்கு மறுப்பு இல்லை, ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது என்றாள். பெண் வந்த அன்றைக்கு இடுப்பில் காயத்தோடு வந்தது. வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லை. பத்து நாள் ஈரச்சாக்குப் போட்டு, மண் வைத்து ஆற்றினோம், இன்னும் வடு இருக்கிறது. மழை நாளில் பெண்ணை அப்படி நடத்தினது யார்?

புங்கவலசுக்காரர்கள் எல்லோரும் துரைக்கண்ணுவைப் பார்த்தார்கள். துரைக்கண்ணு, மயிலாத்தாவை ஒரு பார்வை பார்த்தார். பெண் வீடு திரும்பினால் போதும், ஒரு வார்த்தையோடு போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து கையைக் கூப்பப் போனார்.

"துரை, நீ உக்காரு" என்றாள் மயிலாத்தா. துண்டை எடுத்து மடியில் வைத்தாள். "நாந்தானுங்க. ஆனி இருபது, காலையில. பலகை எழுதித் தொங்கவுட்டதும் நாந்தான், ஈரத்துல எறங்குனதும் நாந்தான். பழியத் தூக்கி இவன் மேல போட்டதும் நாந்தானுங்க."

மயிலாத்தாவுக்கு, ஐந்து வருசமும் தன் கண் முன்னாலேயே கரைந்து ஓடையில் போகிற மாதிரி இருந்தது. மரக்கன்று நட்டு மூடின தடத்தை அவள் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் எழுந்து, போக இடமில்லாமல், சுவரோரம் நிற்கிற தன் சைக்கிளைப் பார்த்தாள்.

வெள்ளியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்னதுங்க?"

"ஈரத்துல எறங்கறப்ப."

"வெண்ணெய்ல விரல் போற மாதிரி இருந்துச்சுங்க" என்றாள். பிறகு, "அதான் தப்பு" என்றாள்.

வெள்ளியம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது, அப்புறம் வெற்றிலை புரையேறி, பக்கத்தில் இருந்தவர்கள் தலையில் தட்டவேண்டியதாயிற்று. இத்தனை தலை ஆடிக்கு விருந்து போட்டிருக்கிறேன், தப்பை ஒத்துக்கொண்ட மாப்பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். துரைக்கண்ணுவிடம், ஊராருக்கு முன்னால் வைது போட்டதற்கு என்ன செய்யச் சொல்லுகிறாய் என்று கேட்டாள். வருசம் பூராவும் என் சைக்கிளுக்கு மயிலக்காதான் எண்ணெய் போடணும் என்றார் அவர். அதுவும் பேசி முடிந்தது. கடைசியாக வெள்ளியம்மா மயிலாத்தாவின் கையைப் பிடித்து, தடத்தின் மேல் வைத்து, இனி என்ன வந்தாலும், யார் வந்து நின்றாலும், ஈரத்தில் ஒரு சக்கரம் விழாது என்று சொல்லு என்றாள். மயிலாத்தா சொன்னாள். உள்ளங்கைக்கு அடியில் மண் லேசாகச் சூடாக இருந்தது.

பதினெட்டாம் தேதி விடிந்து, இரண்டு ஊரும் உச்சிப் பாறையில் கூடிற்று. ரேஞ்சரை வரவேற்கப் பழனாத்தாவும் செல்லப்பனும் இன்னும் சிலரும் முன்னாலேயே பால் வேனில் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். தடத்து வாயில் நின்ற வெப்பாலை மரங்களிலிருந்து பழைய கயிற்றைக் கழற்றி, புதுக் கயிறு கட்டினார்கள். கீழே புங்கவலசு பக்கம் ஒரே முள்ளுப் புதர். எப்படி அழைத்துக்கொண்டு போவது என்று மயிலாத்தா கேட்டாள்.

"தடம் முன்னாடி போய்ப் படுக்காது, அது பொண்ணு. பின்னாடியும் வராது, அது ஆட்டுக்குட்டி இல்ல. நீ உருட்டு. சக்கரத்துக்கு அடியில வரும்" என்றாள் வெள்ளியம்மா.

மயிலாத்தா துண்டைத் தலையில் உருமால் கட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறி, நேரே காரைமுள்ளுக்குள் விட்டாள். முள் முகத்தில் படப்போகிற நேரத்தில் முன்சக்கரத்துக்கு அடியில் மண் கெட்டியாக வந்து ஏந்தியது, உண்ணிச்செடி இரண்டு பக்கமும் விலகி உட்கார்ந்தது, முதல் வளைவுக்கு அவள் உடம்பைச் சாய்த்தபோது கரை எழுந்து தோள் கொடுத்தது, இரண்டாம் வளைவில் வேர் ஒன்று ஒதுங்கிக்கொண்டது, மூன்றாம் வளைவில் அந்த வடு இருந்த இடத்தில் வண்டி ஒரு சின்னத் துள்ளுத் துள்ளியது, அவளுக்குத் தெரியாத இடத்தில் புதிதாக ஒரு வளைவு வந்து பலாப்பழ வாசனையோடு சுற்றிக்கொண்டு போனது, அது பிறந்த வீட்டில் கட்டிக்கொடுத்தனுப்பினது போலிருக்கிறது, மரப்பாலத்தின் பலகைகள் கடகடவென்று வா வா என்றன, அவள் பிரேக்கைத் தொடாமல், வாயில் புகுந்த காற்றை விழுங்கமுடியாமல், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல், நாலு கிலோமீட்டரும் ஒரே மூச்சாக இறங்கி, ஊர்க்கிணற்றடியில், ரேஞ்சர் தேவநேசனின் ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

நின்றதும் அவள் மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது.

சாரல் என்று தொடங்கி, டீக்கடைத் தகரம் பேசுகிற அளவுக்கு மழையாகிவிட்டது. மேலே உச்சிப் பாறையில் துரைக்கண்ணுவும் மற்ற ஒன்பது பேரும் விசிலுக்குக் காத்திருந்தார்கள். விசில் மயிலாத்தாவின் கழுத்தில் தொங்கியது. ரேஞ்சர் குடையை விரித்துக்கொண்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பேரையும் வரச் சொல்லுங்க என்றார்.

மயிலாத்தா விசிலைக் கையில் எடுத்தாள். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கழட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். சைக்கிளைத் தடத்துக்குக் குறுக்கே படுக்கவைத்தாள்.

"இன்னிக்கு ஓட்ட முடியாதுங்க ஐயா."

"ஓட்டிக் காட்டத்தானேம்மா என்னை வரச் சொன்னீங்க."

"ஈரமுங்க. ஒரு சக்கரம் எறங்குனாலும் கிழிஞ்சு போகும். பத்து சக்கரம்னா தாங்காது."

"மழைன்னு எழுதறதுக்கு இதுல இடம் இல்ல. ஓட்டினாங்க, ஓட்டல, ரெண்டுதான் இருக்கு. ஓட்டலன்னு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியுமுங்க" என்றாள் மயிலாத்தா. "ஆனாலும் பொண்ணு ஊட்டுல கை வச்சுச் சொல்லிட்டு வந்துட்டனுங்க."

பழனாத்தா டீயை ஆற்றுகிற கையை நிறுத்தினாள். செல்லப்பன், எந்த முறையில் பேசுவது என்று தெரியாமல், பேசாமல் இருந்தார். ரேஞ்சர் கோப்பைத் திறந்தார், மூடினார். பிறகு, நான் போய்ப் பார்க்கிறேன் என்று குடையோடு மேலே ஏறினார். அவருடைய பூட்ஸ் வளைவுக்கு அப்பால் மறைகிற வரைக்கும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று மணி நேரம் ஆயிற்று. மழை விடவில்லை. மயிலாத்தா தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே விழுந்த தண்ணீர் ஒவ்வொரு சாய்விலும் ஓரத்துக்கு ஒதுங்கி, ஒவ்வொரு வடிகாலிலும் காட்டுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றடிக்கு வந்து சேர்ந்த தண்ணீரில் ஒரு துளி மண் இல்லை, தண்ணீராகவே வந்தது.

முதலில் உண்ணிச்செடி அசைந்தது. அப்புறம் குடை தெரிந்தது. ரேஞ்சர் தேவநேசன் வந்துகொண்டிருந்தார். தடத்தில் இல்லை. தடத்துக்கு ஓரமாக, முள்ளுக்குள்ளே, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, இரண்டு பூட்ஸையும் ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தவறிக்கூட ஒரு அடி அந்த ஈர மண்ணில் வைக்காமல் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னாலே துரைக்கண்ணு முதலாகப் பத்து பேரும், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அதே முள்ளுக்குள்ளே, மணவறையைச் சுற்றி வருகிறவர்கள் மாதிரி ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்தார்கள்.

கிணற்று மேடையில் உட்கார்ந்து ரேஞ்சர் காலிலிருந்த முள்ளைப் பிடுங்கினார். "எத்தனை நாள்ல காயும்?" என்று கேட்டார்.

மயிலாத்தா குனிந்து, தடத்து ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தாள். "மழை விட்டா மூணு நாளுங்க."

"நாலாம் நாள் வர்றேன்" என்றார் அவர். பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும் ஒரு சைக்கிள் எடுத்து வைங்க. சீட்டைக் கொஞ்சம் எறக்கி வைங்க."